வீடு யார் பேரில்

அபிராமபுரத்து வீட்டுக்காரர் சிதம்பரநாதன் போனில் பேசியபோது குரலில் சர்க்கரை கொட்டியது. தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தென்காசிக்காரர். "உங்க வீட்டுக்காரர் ஃபாரினரா? ரொம்ப சந்தோசம்மா. அவங்கன்னா வீட்ட துப்புரவா வச்சிருப்பாங்க. காலைல வாங்க, சாவி தயாரா இருக்கும்" என்றார்.

காலையில் கேட்டைத் திறந்தவர் சரண்யாவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, அவளுக்குப் பின்னால் ஆட்டோவிலிருந்து குனிந்து இறங்கிய ஒமோண்டியைப் பார்த்தார். ஆறடி இரண்டங்குலம், கென்யாவில் கிசுமு என்ற ஊர், நல்ல கறுப்பு. சிரிப்பு உதட்டிலேயே நின்றுவிட்டது. கை மட்டும் கேட்டின் தாழ்ப்பாளுக்குப் போனது.

"அது வந்தும்மா... நேத்துதான் எங்க அண்ணன் மகன் போன் பண்ணான். குடும்பத்தோட மெட்ராசுக்கே வாரேங்கான். நான் என்ன செய்ய?"

"உங்க அண்ணன் மகன் இந்த வாரத்துல மட்டும் ஆறு வீட்டுக்குக் குடி வரான் சார்" என்றாள் சரண்யா. "எல்லா வீட்டுக்காரரும் அவனத்தான் சொல்றாங்க. ஏதாவது ஒரு வீட்டுல இருக்கச் சொல்லுங்க. அஞ்சு வீடாவது காலியாவும்."

புரோக்கர் கபாலி அவளைத் தெருமுனை வரை ஏறக்குறைய தள்ளிக்கொண்டே வந்தான். "இன்னா மேடம் நீ, வாய்லயே வீட்ட இடிக்கிற. சாரு கலர முன்னாடியே சொல்லிருந்தா நான் வேற ஏரியா பாத்துருப்பேன்ல?"

"எந்த ஏரியா? நிலாவுலயா?"

ஒமோண்டிக்குத் தமிழ் புரியவில்லை. ஆனால் ஆறு கேட்டுகளைப் பார்த்த பிறகு கேட்டின் பாஷை புரிந்திருந்தது. ஜெர்மனியில், டிரெஸ்டன் நகரில் படித்தபோது ஒரே ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பழக்கமானவன். நீர்ப் பொறியியல் படித்தவன். எங்கிருந்தாலும் மடிக்கணினியில் வேலை பார்க்கலாம் என்று, மூன்று வருடக் கல்யாணத்தை இரண்டு பெட்டிகளில் கட்டிக்கொண்டு அவளோடு புறப்பட்டு வந்தவன். "திரும்பிப் போய்விடலாம் என்று நான் சொல்ல மாட்டேன்" என்றான் இப்போது. "ஆனால் பதிவுக்கு இன்னும் நாள் இருக்கிறதா என்று மட்டும் சொல்."

மூன்று நாள் இருந்தது. வந்திறங்கிய பதினாலு நாளுக்குள் அவன் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு செய்ய முகவரி வேண்டும். முகவரிக்கு, இந்த வெளிநாட்டுக்காரர் என் வீட்டில்தான் தங்கியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டும். அடையாறில் அவர்கள் தங்கியிருந்த விடுதி அறை மறுநாள் காலையோடு முடிகிறது.

கபாலி குரலைத் தாழ்த்தினான். "ஒரு ஆளு கீறான் மேடம். அட்ரஸ் மட்டும் குடுப்பான். நீங்க எங்க வேணா தங்கிக்கலாம். போலீசு வந்தா அவனே பேசிக்குவான்."

"என் புருஷன் என்ன கடத்தல் சரக்கா, வேற எவன் வீட்டுலயோ பதுக்கி வைக்க? பொய் அட்ரஸ் வேணாம் கபாலி. எனக்கு உண்மையான அட்ரஸ் ஒண்ணு இருக்கு."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. மூன்று வருடமாக அந்த முகவரிக்கு அவள் போகவில்லை. வர வேண்டாம் என்று, ஆட்டோ ஓட்டும் அப்பா சக்திவேல் போனில் சொல்லியிருந்தார். கல்யாண போட்டோ போய்ச் சேர்ந்த மறுநாள் சொன்னது.

ஆட்டோவைக் கோட்டூர்புரத்துக்கு விடச் சொன்னாள்.

கோட்டூர்புரத்துக் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் பெயின்ட் மாறியிருந்தது. மற்றபடி அதே குழாயடி, அதே வரிசைக் குடங்கள். வெள்ளம் வந்த வருடம் இதே படிக்கட்டில் ஒன்பதாவது படி வரை தண்ணீர் ஏறியதை அவள் எண்ணிப் பார்த்திருக்கிறாள். இப்போது தரமணியில் அவளுக்குக் கிடைத்திருப்பது, அடையாற்றுத் தண்ணீர் எங்கே எவ்வளவு ஏறும் என்று வரைபடம் போடும் வேலை. அந்தப் படிகளை எண்ணாத யாரோ வந்து அந்த வரைபடத்தைப் போடுவதா? அதற்காகத்தான் வந்தாள். பாசத்துக்காக வந்தாள் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவாள்.

கீழ்வீட்டு ஜமீலுன்னிசா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அட, சரண்யாவா! இன்னா கண்ணு, இப்டி எளச்சிட்ட?" என்று எழுந்தவள் ஒமோண்டியை அண்ணாந்து பார்த்தாள். "இவரா மாப்ள? உங்க நைனா வெள்ளக்காரன்னுல்ல ஸ்டாண்டு பூரா சொல்லிக்கினு திரிஞ்சாரு!"

சரண்யா முதல் படியிலேயே நின்றுவிட்டாள். சாதியா, மதமா, கேட்காமல் செய்துகொண்ட கோபமா என்று மூன்று வருடம் அந்நிய ஊர்க் குளிரில் படுத்து யோசித்திருக்கிறாள். கடைசியில் இதுதானா! போட்டோ போவதற்கு முன்பே மனிதர் ஆட்டோ ஸ்டாண்டில் பீற்றிக்கொண்டுவிட்டார். போட்டோ வந்ததும் மகளையே மறைத்துவிட்டார்.

மூன்றாவது மாடியில் சக்திவேல் காக்கிச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா தங்கபுஷ்பம் ரசக் கரண்டியோடு திரும்பினாள். மகளைப் பார்த்தாள். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துக்கொண்டிருந்த நெடியவனைப் பார்த்தாள். கரண்டி அப்படியே நின்றது.

"இன்னா விஷயம்?" என்றார் சக்திவேல், தட்டைப் பார்த்தபடியே.

"வீடு வேணும் நைனா. கொஞ்ச நாளைக்கு. உள் ரூம் போதும். ஒரு படிவம் இருக்கு, கையெழுத்து வேணும்."

"இங்க எடம் இல்ல."

"எடம் இல்லையா, மூஞ்சி இல்லையா?"

"ஏய்!" தட்டு நகர்ந்தது. "ஸ்டாண்டுல நான் எப்டிம்மே தலைய காட்டுறது? பொண்ண படிக்க வச்சேன், ஜெர்மனிக்கு அனுப்சேன்னு சொல்லிக்கினு இருந்தவன் நானு. இட்டுக்கினு வந்திருக்கா பாரு!"

"ஜெர்மனின்னு சொன்னேன். வெள்ளைன்னு சொன்னனா? நீயே கலர் அடிச்சிக்கின. இப்ப பெயின்ட்டு ஒட்டலன்னா நான் இன்னா பண்றது?"

"நாலு பேரு சிரிப்பானுங்க. கறுப்பன்னு."

"நீ எந்தக் கலரு நைனா?"

"நம்ம கறுப்பு வேற. அது வேற."

"தோ கண்ணாடி மாட்டிக்கீது. பாத்துட்டுச் சொல்லு."

தங்கபுஷ்பத்தின் வாய் கோணியது. சிரிப்பை முந்தானைக்குள் தள்ளினாள். அதைப் பார்த்ததும் சக்திவேலுக்கு வெறி ஏறிவிட்டது. எச்சில் கையோடு எழுந்தார். "இது என் வீடு. என் வீட்டுல அவன் கால் வைக்கக்கூடாது. கையெழுத்தும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. போ."

சரண்யா போகவில்லை. பதின்மூன்று வயதில் இந்தப் பிளாக்கின் எழுத்துக்காரி அவள். ரேஷன் அட்டை, கேஸ் இணைப்பு, விதவைப் பென்ஷன் என்று எந்தத் தாள் வந்தாலும் "சரண்யாவக் கூப்புடு" என்பார்கள். வீட்டுப் பாடத்தை ஓரம் தள்ளிவிட்டுக் கட்டம் கட்டமாக நிரப்பிக் கொடுத்திருக்கிறாள். இந்த வீட்டு ஒதுக்கீட்டுக்கு எழுதியதும் அவள்தான். அன்று அப்பா சவாரி போய்விட்டார். வாரிய ஆபீஸ் வரிசையில் காலையிலிருந்து நின்றது அம்மா. 'குடும்பத் தலைவி பேர் எழுதும்மா' என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். எழுதினாள்.

"உன் வீடுன்னு யாரு சொன்னா?" என்றாள். குரல் உயரவில்லை. "அம்மா, பீரோல வீட்டு ஆர்டர் வச்ச அந்த நீலக் கவர் இருக்கா?"

"கம்னு இரு. அது சும்மா பேருக்குப் போட்டது" என்றார் சக்திவேல்.

"பேருக்குன்னா இன்னாய்யா?"

கேட்டது தங்கபுஷ்பம். கரண்டியைப் பாத்திரத்தின் மேல் வைத்துவிட்டு நேராக நின்றிருந்தாள். அடையாறில் இரண்டு வீட்டில் சமையல் செய்கிறவள். அந்த இரண்டு வீட்டிலும் அவள் குரல் கேட்டதில்லை.

"வரிசைல நின்னது பேருக்கா? வெள்ளம் வந்தப்ப நீ ஆட்டோவ தூக்கிக்கினு பாலத்துக்கு ஓடிட்ட. கவர நெஞ்சுல கட்டிக்கினு மொட்ட மாடில ரெண்டு நாளு நான் நின்னனே, அதுவும் பேருக்கா?"

சக்திவேலின் சோற்றுக் கை காய்ந்துகொண்டிருந்தது. "அப்ப அவனக் கூட்டி வச்சிக்கப் போற?"

"பொண்ணக் கூட்டி வச்சிக்கப் போறேன். புருஷன இன்னா வாசல்லயா மாட்டி வைப்பா?" மகள் பக்கம் திரும்பினாள். "எங்கடி போடணும் கையெழுத்து?"

சரண்யா தாளை எடுத்தாள். 'வீட்டு உரிமையாளர்' என்ற கட்டத்தில் அம்மா பேரை எழுதினாள். கீழே தங்கபுஷ்பம் கையெழுத்துப் போட்டாள். பேனாவை அழுத்திய அழுத்தத்தில் தாளின் மறுபுறம் எழுத்து புடைத்தது.

சக்திவேல் கையைக் கழுவினார். காக்கியை மாட்டிக்கொண்டு, வாசலில் ஒதுங்கி வழிவிட்ட ஒமோண்டியைக் கண்டுகொள்ளாமல் இறங்கிப் போனார்.

"அந்தாளு அப்டித்தான் கொஞ்ச நாளைக்கு" என்றாள் தங்கபுஷ்பம். "ஆனா ஒண்ணு. எனக்கு முட்டி வலி. காலைல தண்ணி புடிக்க உன் வீட்டுக்காரர் போகணும். ஆள் நெட்டையா கீறாரு, ரெண்டு கொடம் தாங்குவாரு. சொல்லிடு."

சொன்னாள். "சரி" என்றான் ஒமோண்டி. அவனுக்குத் தெரிந்த நான்கு தமிழ்ச் சொற்களில் அது முதலாவது.

அன்றைக்கே விடுதியைக் காலி செய்துவிட்டு வந்தார்கள்; படிவமும் போனது. மறுநாள் காலை, மற்றத் தாள்களையும் சேர்த்துப் பதிவு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுச் சரண்யா மாடிக் கம்பி வழியே கீழே பார்த்தாள். குழாயடி வரிசையில், ஜமீலுன்னிசாவுக்கும் ஒரு பச்சைக் குடத்துக்கும் நடுவே ஒமோண்டி நின்றான். எதிரே ஆட்டோ ஸ்டாண்டில் ஐந்தாறு பேர் டீ டம்ளரோடு கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா சக்தி, வெள்ளக்காரன்னு சொன்ன?" என்றது ஒரு குரல். சிரிப்பு.

சக்திவேல் ஆட்டோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியை உதறினார். "ஆமா, சொன்னேன். அதுக்கின்னா இப்ப? ஒன் வீட்டு மாப்ள என்னிக்காவது கொடத்த தொட்டிருக்கானா?"

மறுபடி சிரிப்பு. இந்த முறை வேறு ஆளைப் பார்த்து. சக்திவேல் மாடியை நிமிர்ந்து பார்க்கவில்லை. சரண்யாவும் அவரைக் கூப்பிடவில்லை. மூன்று வருடக் கணக்கை இவ்வளவு மலிவாக முடித்துவிட முடியாது. உள்ளே போய் கபாலிக்கு போன் போட்டாள்.

"இன்னா மேடம், அந்த அட்ரஸ் ஆளாண்ட பேசிடட்டா?"

"வேணாம். எனக்கு அட்ரஸ் இருக்கு. இனி அவசரம் இல்ல. பொறுமையா தேடு. மயிலாப்பூர், அடையாறு, அபிராமபுரம், ஒண்ணு விடாத."

"அங்கல்லாம் குடுக்க மாட்டாங்க மேடம். அதான் பாத்தியே."

"ஒரு போட்டோ அனுப்புறேன். எங்க கல்யாண போட்டோ. அத மொதல்ல காட்டு. அப்புறம் வாடகை பேசு. மூஞ்சி சுளிக்கிறவன் வீட்டு வாசல மிதிக்கிற நேரம் எனக்கு மிச்சம்."

"எல்லாரும் சுளிச்சா?"

"அடுத்த தெருவுல காட்டு."

போனை வைத்துவிட்டுப் போட்டோவை அனுப்பினாள். படியில் ஒமோண்டியின் காலடி கேட்டது. ஒவ்வொரு படிக்கும் தண்ணீர் தளும்பும் சத்தம். தங்கபுஷ்பம் அடுப்படியிலிருந்தே கத்தினாள்: "சிந்தாத வரச் சொல்லுடி, வழுக்கி வுழப் போறாரு!"