சுக்கானில் ஒரு தோல் வளையம்

பன்னிரண்டு நிமிடம். தண்ணீரில் இறக்கியதும் இந்த ரிமோட் கப்பலுக்குப் பிடிவாதம் வருவதில்லை. பன்னிரண்டாவது நிமிடத்தில்தான் வருகிறது. கப்பலைத் திருப்பும் சுக்கான் சின்னதாக இருப்பதுதான் குறை என்றால் முதல் நிமிடமே திரும்பாமல் இருந்திருக்க வேண்டுமே.

ஜஹீதா ரிமோட்டைத் தொட்டி விளிம்பில் வைத்தாள். இரண்டடி நீளப் போர்க்கப்பலைத் தூக்கி மடியில் கவிழ்த்தாள். துணி நனைந்தது. நனையட்டும்.

கணவர் அப்துல் வஹீத் இறந்து நான்கு மாதம். கணவனை இழந்தவள் வீட்டோடிருக்கும் இத்தா முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. அதுவரை அவள் வாசல் தாண்டுவதில்லை. பின்கட்டும் எட்டடிச் சதுரத் தொட்டியும் அவர் செய்துவைத்த இந்தக் கப்பலும் போதுமாக இருந்தன.

போன வருடம் வேலூர் ஏரியில் நடந்த ரிமோட் கப்பல் போட்டியில், மிதவைகளைச் சுற்றி வளைய வேண்டிய கப்பல் நேராகப் போய்க் கரையில் முட்டி நின்றது. "பாய், இது கப்பலா, ரயிலா?" என்று யாரோ கேட்க, ஏரிக்கரையே சிரித்ததாம். வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் சுக்கானைப் பெரிதாக்க உட்கார்ந்தார். இரண்டு தடவை பெரிதாக்கினார். அப்போதும் அது ரயிலாகவே இருந்தது.

அவள் திருகாணியைக் கழற்றினாள். சுக்கானின் கம்பி கப்பலுக்குள் நுழையும் இடத்தில், தண்ணீர் ஏறாமலிருக்க அவர் ஒரு தோல் வளையம் வைத்திருந்தார். எண்ணெயில் ஊறிய நல்ல தோல். முப்பது வருடம் ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் இருந்தவருக்கு ரப்பர்மேல் நம்பிக்கை கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் அவளும் ஆறு வருடம் ஷூ கம்பெனியில் தோல் வெட்டியவள்தான். எவ்வளவு எண்ணெய் போட்டாலும் தோல் தண்ணீர் குடித்து உப்பிப்போகும். மேஜைமேல் வழுக்கிக்கொண்டு திரும்பிய கம்பியைத் தண்ணீருக்குள் அது மெல்ல மெல்ல இறுக்கிப் பிடித்திருக்கிறது.

இதற்கு அழுகை வரும், இல்லாவிட்டால் சிரிப்பாவது வரும் என்று காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. குழாய்க்கு வாங்கியிருந்த ரப்பர் வாஷரைத் தேடி எடுத்து மாட்டினாள்.

பிறகு ஷூவுக்கு வெட்டுவதுபோல அட்டையில் மாதிரி வெட்டிப் பார்த்து, தேவையில்லாமல் பெரிதாகிப்போன பழையதற்குப் பதிலாக அலுமினியத் தகட்டில் புதுச் சுக்கான் செய்தாள். எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் கை என்ன செய்ய வேண்டும் என்பது கைக்கே தெரிந்திருந்தது.

ஒன்பதாம் நாள் நாத்தனார் தில்ஷாத் டீயோடு பின்கட்டுக்கு வந்தாள்.

"இன்னாடி, தண்ணியில வெளயாட்டு? பாக்குறவங்க இன்னா சொல்வாங்க?"

"யாரு ஆபா பாக்குறாங்க?"

"நான் பாக்குறேனே! ஒரு சொட்டு அழுவல நீ. கல்லு கல்லுன்னு தெருவே சொல்லுது."

ஜஹீதா ரிமோட்டின் குமிழைத் திருகினாள். அரை மணியாகத் தண்ணீரில் கிடந்த கப்பல் சுவரை உரசாமல் வளைந்து, வந்த இடத்துக்கே வந்து மறுபடி வளைந்தது. தில்ஷாத் டீயைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"அல்லாவே! என் தம்பி கப்பலா இது?"

அங்கேயே சின்னத் தம்பி தவ்ஃபீக்குக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"பாபி, நாளான்னிக்குத்தான் வேலூர் போட்டி," என்றான் அவன். "குடுங்க, அண்ணன் பேர்ல நான் ஓட்டுறேன். ரயிலுன்னு சிரிச்சவன்லாம் பாக்கட்டும், அண்ணன் கப்பல எப்டி செஞ்சிருக்காருன்னு. அப்டியே எங்க வீட்லயே வெச்சிக்கிறேன், உங்களுக்கு இனிமே எதுக்கு அது?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவருடைய ஸ்கூட்டர் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனபோதும், சட்டைகள் போனபோதும், வாட்ச் போனபோதும் தலையசைத்திருந்தாள். இதற்கும் தலை தானாக அசையப் போனதை உணர்ந்தாள். இதுவும் போனால், போட்டி முடிந்த திங்கட்கிழமை காலையில் எழுந்து இந்தக் கைகளை எங்கே வைப்பது?

"வேணாம் தவ்ஃபீக்," என்றாள். "அது எங்கிட்டயே இருக்கட்டும்."

"ஒரு நாளுக்காவது குடுடி," என்றாள் தில்ஷாத். "அண்ணன் பேருக்குத்தானே கேக்குறான்."

"ஒரு நாளுக்கும் வேணாம் ஆபா."