முகத்துக்கு மாதச் சந்தா

கானா நாட்டுக் குமாசியில் சனிக்கிழமையானால் ஊரே கறுப்பும் சிவப்புமாக உடுத்திக்கொண்டு துக்கம் கேட்கக் கிளம்பிவிடும். ஒவ்வொரு பந்தல் வாசலிலும் இறந்தவர் ஆளுயரப் பேனரில் சிரித்துக்கொண்டு நிற்பார். அந்தச் சிரிப்பை அச்சடித்துப் பிழைத்தவள் கொனாடு. பிழைத்தவள் என்றுதான் சொல்ல வேண்டும். எதிர்ச்சாரியில் பேனர் கடை வைத்திருக்கிற ஃபோசு புது சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டதிலிருந்து இவள் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு சனிக்கிழமை இப்படியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

ஃபோசு கடையில் கொடுத்தால் எண்பது வயதுக் கிழவரும் மாப்பிள்ளைக் களையோடு திரும்பி வருவார். கொனாடுவிடம் இருந்ததோ யாரோ பூட்டை உடைத்துக் கொடுத்த பழைய திருட்டுப் பிரதி. பாதி வேலையில் மூர்ச்சை போட்டு விழும். ஒருமுறை ஒரு பாதிரியாரின் தலையை மட்டும் வைத்துக்கொண்டு உடம்பை விழுங்கிவிட்டது. ஆகவே கொனாடுவும் ஃபோசுவின் சாஃப்ட்வேரையே ஏழு நாள் இலவசமாக இறக்கிப் பார்த்தாள். இன்றோடு கெடு முடிகிறது. கார்டு எண்ணைத் தட்டினால் மாதாமாதம் சந்தா பிடிப்பார்கள், தட்டாவிட்டால் அது வாயை மூடிக்கொள்ளும்.

மதியம் வறுத்த மீனும் கென்கே என்ற சோள உருண்டையும் வாங்கிக்கொண்டு வந்த அவள் கணவன் பெடியாகோவுக்கு இது வயிற்றெரிச்சல். அவன் ட்ரோட்ரோ என்கிற ஷேர் வேன் ஓட்டுகிறவன். போக்குவரத்து போலீஸைத் தவிர யாருக்கும் மாதாமாதம் அழுது பழக்கமில்லை.

"வீட்டுக்கு வாடகை, கடைக்கு வாடகை, இப்ப கிழவன் மூஞ்சில சுருக்கம் எடுக்கவும் வாடகையா?"

"ஃபோசு கட்டுறான்ல?"

"ஃபோசு கிணத்துல குதிச்சா நீயும் குதிப்பியா?"

"அவன் குதிச்சா அவனோட பேனரையும் அவன் கடையிலதான் அடிப்பாங்க. அப்பவும் என்கிட்ட வர மாட்டாங்க. அதுதான் என் கவலை."

பெடியாகோ மீனின் முள்ளை எடுத்தபடி யோசித்தான். "சரி, ஒரு மாசம் கட்டாம விட்டா?"

"திறக்காது."

"அதுல நீ பண்ணி வச்ச படமெல்லாம்?"

"அதுவும்தான்."

"இது வாடகை இல்லடி, ஆள் கடத்தல்."

அவன் வாயை அடைக்கக் கொனாடுவிடம் ஒரு சாட்சி இருந்தது. கடை வாசலிலேயே தொங்கவிட்டிருந்தாள். போன வாரம் பெரியவர் டொங்கோர் வந்து, தன் துக்கப் பேனருக்குத் தானே படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார். மனிதர் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். ஆனால் அவருடைய தம்பி செத்தபோது, சடங்கு செய்யக் கடமைப்பட்ட சகோதரி மக்கள் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி வைத்துவிட்டார்கள். வந்தவர்களெல்லாம் போலீஸ் தேடுகிற ஆள் என்று நினைத்தார்கள். "என் மருமகனுங்கள நம்பிச் சாக முடியாது மகளே" என்று சொல்லிப் பட்டு கென்டேத் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். கொனாடு புது சாஃப்ட்வேரில் ஒரே ஒரு பொத்தானை அழுத்தினாள். சினிமாக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

இன்று பேனரைப் பார்க்க வந்தது முதலில் அவருடைய தங்கை டூஃபி. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். பேனருக்கு அடியில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்து, 'ச்சு' கொட்டினாள்.

"ஐயோ பாவம், யாரு பெத்த புள்ளையோ. இந்த வயசுலயா போகணும்? பொண்டாட்டி இருக்காளா?"

பெடியாகோ மீனை விழுங்க முடியாமல் திணறினான்.

"சரி, நம்ம அண்ணன் படம் எங்க?" என்றாள் டூஃபி.

"அம்மா... அதுதான்."

டூஃபி மறுபடி அண்ணாந்தாள். மூக்குக்கண்ணாடியை ஏற்றினாள், இறக்கினாள். "கூடப் பொறந்தவ நான். எனக்கே தெரியலையே! ஃபோசு கடைலயும் இதே கூத்துதான். போன மாசம் ஒரே மைதானத்துல ரெண்டு சாவு. ரெண்டு பந்தல்லயும் அவன் அடிச்ச பேனர், ரெண்டும் ஒரே மூஞ்சி. நான் யாரோ ஒருத்தனுக்கு மாரடிச்சு அழுது, மொய்யையும் எழுதிட்டு, சாப்பிடும்போதுதான் கேக்குறேன், செத்தது யாருன்னு!"

"குடுத்த மொய்யத் திருப்பிக் கேட்டீங்களா?" என்றான் பெடியாகோ.

"எப்படிக் கேப்பேன்? ஃபுஃபுக் களிய ரெண்டாந்தடவை வாங்கித் தின்னுட்டேனே!"

அதற்குள் டொங்கோரே வந்து சேர்ந்தார். பேனர் முன் நின்றார். கொனாடு பாராட்டுக்குக் காத்திருந்தாள். அவர் கை மெல்ல எழுந்து தன் இடது கன்னத்தைத் தடவியது.

"என் கோடு எங்க?"

அவர் கன்னத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு கீறல் வடு. எத்தனையோ பேர் கன்னத்தில் இருப்பதுதான். சாஃப்ட்வேர் அதைப் பருவென்று நினைத்துத் துடைத்துப் போட்டிருந்தது. கொனாடு கவனிக்கவே இல்லை.

"எனக்கு முன்னால எங்கம்மாவுக்கு மூணு புள்ளையும் தங்கல" என்றார் டொங்கோர். "நான் பொறந்ததும் கன்னத்தக் கீறி, டொங்கோர்னு, அதாவது அடிமைன்னு பேரு வச்சு, குப்பைமேட்டுல போட்டு எடுத்தா. சாவு வந்து பாத்தா, 'சீ, இந்த அசிங்கம் யாருக்கு வேணும்'னு போயிடணும். எழுபது வருஷமா அது என்னைத் தாண்டித் தாண்டிப் போயிட்டிருக்கு. நீ என்னடான்னா என்னை ராஜகுமாரன் ஆக்கி, நடுத்தெருவுல தொங்கவிட்டு, கீழ 'இறுதி மரியாதை'ன்னும் எழுதி வச்சிருக்க! சாவுக்குப் பத்திரிகை வைக்கிறியா?"

பெடியாகோ குதித்து எழுந்து, எண்ணெய்க் கையோடு பேனரைச் சுருட்டி உள்ளே கொண்டு போனான்.

கொனாடுவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு தாய், பெற்ற பிள்ளையைத் தக்கவைக்கப் போட்ட கோட்டை, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பது போலத் துடைத்திருக்கிறாள். "மன்னிச்சுக்குங்க ஐயா, இப்பவே போட்டுத் தரேன்" என்று கணினி முன் உட்கார்ந்தாள். கோட்டை வரைந்தாள். 'ஒரு குறை கண்டறியப்பட்டது, நீக்கட்டுமா?' என்றது சாஃப்ட்வேர். வேண்டாம் என்றாள். அப்படியும் அது நீக்கிவிட்டு, 'உங்கள் படம் தயார்' என்றது. மறுபடி வரைந்தாள். மறுபடி நீக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு பழைய திருட்டுப் பிரதியைத் திறந்தாள். அது இரண்டு முறை மூர்ச்சை போட்டது. எழுப்பி எழுப்பி வேலை வாங்கினாள். அதற்கு அழகு தெரியாது, ஆகையால் கன்னத்துக் கோடு, கண்ணோரச் சுருக்கம், தொங்கிய தாடை எல்லாம் இருந்தது இருந்தபடியே வந்தது.

டூஃபி எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். "எங்கண்ணன்!"

"இன்னும் சாகலடி" என்றார் டொங்கோர். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. பிறகு குனிந்து மெதுவாக, "தொப்பைய மட்டும் கொஞ்சம் குறைக்கலாம். அதுக்கும் சாவுக்கும் சம்பந்தமில்ல" என்றார்.

கொனாடு குறைத்தாள்.

"என் பேனரும் உன்கிட்டதான்" என்றாள் டூஃபி மூக்கைச் சிந்திக்கொண்டு. "சர்ச்சுப் பொம்பளைங்க அத்தனை பேர்கிட்டயும் சொல்றேன். அழுதா ஆள் தெரிஞ்சு அழணும்."

கணினியில் மணி அடித்தது. கெடு முடிந்தது, கார்டு எண் கொடுங்கள் என்று ஒரு கட்டம். டொங்கோர் என்னவென்று கேட்டார், கொனாடு சொன்னாள்.

"மாசாமாசமா?" அவர் கன்னத்தைத் தொட்டுக்கொண்டார். "எங்கம்மா ஒரே ஒரு தடவை கட்டினா. அதுக்கப்புறம் யாரும் வந்து கேக்கல."

கொனாடு 'விலகுகிறேன்' என்பதை அழுத்தினாள். லேசில் விட்டால்தானே? ஏன் போகிறீர்கள், ஒரு காரணம் தேர்ந்தெடுங்கள் என்றது.

"விலை அதிகம்னு போடு" என்றான் பெடியாகோ, தோள்மேல் எட்டிப் பார்த்து.

அவள் தலையாட்டி மறுத்துவிட்டு, 'வேறு காரணம்' என்ற கட்டத்தில் தட்டினாள்: 'வயசானவங்கள ரொம்ப அழகாக்கிடறீங்க. சாவு பாத்து ஆசைப்பட்டா யாரு பொறுப்பு?'