ஒன்பதாம் பக்கத்தில் விட்டுப்போன வரி

எங்கள் மொன்ரிவெல் கிராமத்துக்கு வருகிறவர்களுக்கு ஒயின் குடிக்கச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. சனிக்கிழமைதோறும் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு நிலவறை நிலவறையாக இறங்குவேன். கோப்பையை எங்கே பிடிப்பது, முதல் வாயை ஏன் அவசரமாக விழுங்கக்கூடாது, பாலாடைக்கட்டியை எப்போது கடிப்பது எல்லாம் சொல்வேன். பதினோரு வருஷமாகச் சொல்கிறேன். பிரான்சின் இந்த ஜூரா மலையடிவாரத்தில் என்னைவிட விஷயம் தெரிந்தவள் கிடையாது என்ற நினைப்பும் எனக்கு உண்டு. அந்த நினைப்பின் மண்டையில் விழுந்த அடியைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்த வருஷம் பிப்ரவரித் திருவிழா எங்கள் ஊருக்கு வந்தது. ஆறு வருஷத்துக்கு மேல் மூடிக் கிடந்த மஞ்சள் ஒயின் பீப்பாயை ஊர் நடுவில் வைத்து, மரச் சுத்தியலால் அடித்துக் குழாய் இறக்கித் திறக்கிற திருவிழா. ஒவ்வொரு வருஷமும் ஒவ்வோர் ஊருக்குப் போகும். எங்கள் முறை மறுபடி வர இருபது வருஷமாவது ஆகும். யார் வீட்டுப் பீப்பாய் என்று அக்டோபரிலேயே ஓட்டெடுத்தார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் கஸ்பாரை மூன்று ஓட்டில் தோற்கடித்து என் அப்பா எமிலியன் ஜெயித்தார்.

அப்பாவுக்கு எழுபத்தொரு வயது. மறுநாளே டவுனுக்குப் போய்க் கரும்பச்சையில் ஒரு வெயிஸ்ட்கோட் வாங்கிவந்தார். சுத்தியல் அடிக்கும்போது போட்டுக்கொள்ள. அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் கையை ஓங்கிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கதவிடுக்கில் நான் பார்த்தேன். பார்த்தேன் என்று காட்டிக்கொள்ளவில்லை. அவருடைய அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் கிடைக்காத மரியாதை அது.

திருவிழாவில் ஊன்றுகோல் இல்லாமல் நிற்கவேண்டும் என்று நவம்பரில் இடுப்பு மூட்டு ஆபரேஷனுக்குப் போனார். நான்கு வாரம் மருத்துவமனை. போகும்போது இடுப்பிலிருந்து நிலவறைச் சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"தினமும் ஒரு தடவ எட்டிப் பாரு. அவ்வளவுதான்."

எனக்கோ தலைக்கு மேல் வேலை. திருவிழாவுக்கு வரும் விருந்தாளிகளுக்காக இருபத்துநான்கு பக்கத்தில் ஒரு வழிகாட்டி எழுதித் தரச் சொல்லியிருந்தது ஊர்க் கமிட்டி. அதனால் சாவியை என் கணவன் ஆர்மானிடம் தள்ளிவிட்டேன்.

ஆர்மானைப் பற்றிச் சொல்லவேண்டும். பாலாடைக்கட்டிப் பண்ணைக்குப் பால் லாரி ஓட்டுகிறவன். தங்கமான மனுஷன். ஒரே குறை, பக்கத்து ஒயின் சீமையான பர்குண்டியில் பிறந்தவன். அப்பாவுக்கு அது பெரிய குறை. கல்யாணமாகி நான்கு வருஷமாகியும் மாப்பிள்ளை என்று ஒரு தடவை கூப்பிட்டதில்லை. "பர்குண்டிக்காரர் வந்தாச்சா?" என்பார். சாப்பாட்டு மேஜையில் அவனுக்கு ஊற்றுவது சாதாரண சிவப்பு ஒயின். நிலவறைப் பக்கம் அவனை விட்டதே இல்லை. கையில் சாவி கிடைத்ததும் ஆர்மானுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே! வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, கோயிலுக்குப் போகிற மாதிரி இறங்குவான்.

மூன்றாம் வாரம் ஒரு ஞாயிறு மதியம். சமையலறை மேஜையில் என் வழிகாட்டியைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஆர்மான் சட்டைக் கை மடித்தபடி முகம் மலர்ந்து வந்து உட்கார்ந்தான்.

"ஒடீல், மாமா பாவம். உடம்புக்கு முடியாம எத்தன மாசமா கவனிக்காம விட்டாரோ தெரியல. அந்தத் திருவிழாப் பீப்பாயில மூணுல ஒரு பங்கு காலி! தட்டிப் பாத்தப்பவே பகீர்னு ஆயிடுச்சு. நல்லவேள, நான் பாத்தேன்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "பாத்துட்டு?"

"ரொப்பிட்டேன்."

பர்குண்டியில் பீப்பாயில் ஒரு விரல் குறைந்தால் வாரத்துக்கு வாரம் ரொப்புவார்கள். ரொப்பாதவன் சோம்பேறி. எங்கள் ஊரில் மஞ்சள் ஒயினை ஆறு வருஷம் ரொப்பவே கூடாது. அது ஆவியாகிக் குறையக் குறைய மேலே பால் ஏடு மாதிரி ஒன்று படரும். அந்த ஏட்டுக்கு அடியில்தான் அது மெல்ல மஞ்சளாகி, அக்ரூட் வாசனை ஏறும். இதைத் தொட்டில் பிள்ளைக்குக்கூடச் சொல்லவேண்டியதில்லை என்பது எங்கள் நினைப்பு.

நான் கத்திய கத்தலில் வெளியே கோழிகள் சிதறின. காரணத்தைச் சொல்லி முடித்தபோது ஆர்மானின் முகத்தில் ரத்தமில்லை. என் வழிகாட்டியைத் தன் பக்கம் இழுத்தான்.

"இத ரெண்டு தடவ படிச்சேன், ஒடீல். நிலவறைக்குள்ள எப்படி நடந்துக்கணும்னு தெரிஞ்சுக்கதான் படிச்சேன். ஒன்பதாம் பக்கத்துல சத்தம் போடக்கூடாதுன்னு இருக்கு, பீப்பாயில சாயக்கூடாதுன்னு இருக்கு, வாசனத் திரவியம் போட்டுட்டு வரக்கூடாதுன்னு இருக்கு. நான் சோப்புகூடப் போடாமத்தான் போனேன். ரொப்பக்கூடாதுன்னு எங்க இருக்கு, காட்டு?"

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். இல்லை. கழிவறை எங்கே இருக்கிறது என்பதுவரை எழுதியிருந்தேன். அதை எழுதவில்லை. ஊருக்கெல்லாம் வழி சொல்கிறவள், நான்கு வருஷம் கூடவே படுத்து எழுந்தவனுக்குச் சொல்லவில்லை. வெட்கத்தில் எனக்குப் புத்தி கோணலாக ஓடியது.

"கீழ ருசி பாக்கிற சின்னக் குழாய்லேர்ந்து அதே அளவு எடுத்துடலாம். அப்பாவுக்குத் தெரியாது."

"தெரியாம இருக்காது. தெரியாட்டியும் நான் சொல்லிடுவேன்" என்றான் ஆர்மான். நிலவறைச் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அந்த வாரம் முழுக்க அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்பா வந்து இறங்கியதும் வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. இரண்டு ஊன்றுகோலோடு நேராக நிலவறைக்கு நடந்தார். நாங்கள் இருவரும் பின்னால். ஆர்மான் "மாமா, ஒரு விஷயம்" என்று ஆரம்பிப்பதற்குள், அப்பா பீப்பாயைக் கீழிருந்து மேலாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். பாதிக்கு மேல் வெற்றுச் சத்தம் வரவேண்டும். வரவில்லை. ஏறக்குறைய உச்சிவரை கனத்த சத்தம்தான். அப்பாவின் கை அப்படியே நின்றது.

"நான்தான் ரொப்பினேன், மாமா. எங்க ஊர் வழக்கம். தெரியாம செஞ்சுட்டேன்."

அப்பா பீப்பாயின் மூடியை விரலால் தடவிப் பார்த்தார். எனக்கு அந்தப் பச்சை வெயிஸ்ட்கோட்தான் கண்ணில் நின்றது. அழுகை வந்தது.

"எவ்வளவு ஊத்துனீங்க?"

"அம்பத்தேழு லிட்டர். அப்பவும் ஒரு சாண் குறைஞ்சுது. அதான் மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு."

அப்பாவின் மீசை லேசாகத் துடித்தது. "அம்பத்தேழு லிட்டர் ஒயின் உங்களுக்கு ஏது?"

ஆர்மான் தரையைப் பார்த்தான். நானும் அந்தக் கேள்வியை அதுவரை கேட்டிருக்கவில்லை.

"எங்கப்பா கடைசியா போட்ட வெள்ள ஒயின். அந்த வருஷந்தான் போய்ச் சேந்தார். ஒரு சின்னப் பீப்பாய். கல்யாணத்துக்கு வந்தப்ப லாரியில கொண்டாந்தேன். திறக்க மனசு வரல. உங்க பீப்பாய் குறையா நிக்கிறதப் பாத்ததும், இதுக்கு ஊத்தாம வேற எதுக்குன்னு தோணுச்சு."

வீட்டுக் கொட்டகையில் லாரி டயர்களுக்குப் பின்னால் மூடிக் கிடந்த அந்தச் சின்னப் பீப்பாயை நான்கு வருஷமாக நான் பார்த்திருக்கிறேன். காலிப் பீப்பாய் என்று நினைத்திருந்தேன். அதையும் கேட்டதில்லை.

அப்பா ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு, அடிக்குழாயில் கொஞ்சம் பிடித்தார். முகர்ந்தார். வாயில் வைத்துக் கண்ணை மூடினார்.

"மஞ்சள் ஒயின் போச்சு" என்றார். "கமிட்டிக்காரன் வாசலோட திரும்பிடுவான். கஸ்பார் இனி இருபது வருஷம் ஆட்டம் போடுவான்." இன்னொரு வாய் குடித்தார். பிறகு அதே கோப்பையை ஆர்மானிடம் நீட்டினார். "உங்கப்பா கைகாரர்தான். குடிச்சுப் பாரு, மாப்ள."

என் பக்கம் திரும்பியபோதுதான் குரல் ஏறியது. "தப்பு இவன் பண்ணல. ஊர்ல போறவன் வர்றவனுக்கெல்லாம் பாடம் எடுக்குறியே, வீட்டுல வாய்ல என்ன கொழுக்கட்டையா?" பிறகு, "நானும் ஒரு நாள் கூட்டிட்டு வந்து காட்டியிருக்கலாம்" என்று பீப்பாயிடம் சொன்னார்.

திருவிழாவில் சுத்தியலை கஸ்பார்தான் ஓங்கினார். அப்பா பச்சை வெயிஸ்ட்கோட்டோடு கூட்டத்தில் நின்று கை தட்டினார். கஷ்டமாக இருந்திருக்கும். அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. அன்று ஊரில் எல்லா நிலவறையும் திறந்திருக்கும். மதியத்துக்குள் எங்கள் வாசலில் தெருமுனைவரை ஆட்கள். ஒவ்வொருவர் கையிலும் என் வழிகாட்டி, ஒன்பதாம் பக்கம் விரித்தபடி. அச்சுக்குப் போகும் முன் அதில் அப்பா சொல்லச் சொல்ல நான் சேர்த்த வரி இது: "மஞ்சள் ஒயின் பீப்பாயை ஒருபோதும் ரொப்பாதீர்கள். ரொப்பினால் என்ன ஆகும் என்று தெரிய எமிலியன் வீட்டுக்கு வாருங்கள்."

இரண்டு ஊர்ச் சரக்கு கலந்துவிட்டதால் எந்தப் பெயரும் வைக்கச் சட்டம் இடம் தராத அந்த ஒயினை அப்பா கோப்பை கோப்பையாக ஊற்றிக்கொண்டே கதை சொன்னார். மாலைக்குள் அவர் கதையில் ஐம்பத்தேழு லிட்டர் தொண்ணூறு ஆகிவிட்டது. கடைசியில் கஸ்பாரே வந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, இன்னொன்றுக்குக் கோப்பையை நீட்டினார்.

"இது யார் போட்ட ஒயின், எமிலியன்?"

ஆர்மான் கதவோரம் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். நிலவறைச் சாவி அவன் இடுப்பில் தொங்கியது. அப்பா அவன் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"பாதி நான். மீதி என் சம்பந்தி."