சின்னானுக்குப் போட்ட பாதை

அனுமதி வந்து சேர்வதற்குள் அந்தப் பறவை அழிந்துபோகாமல் இருந்ததே பெரிய விஷயம். அறந்தாங்கியிலிருந்து வந்து புதுக்கோட்டைக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அன்புமொழிக்கு, அந்த மட்டில் சந்தோஷம்தான்.

அவள் கண்காணிக்க வந்தது மஞ்சள்தொண்டைச் சின்னான். பாறைக்குன்றுகளை விட்டு விலகாத, கூச்சம் பிடித்த, அருமையாகப் பாடுகிற பறவை. அது குடியிருக்கத் தேர்ந்தெடுத்த இடமோ ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சித் தளம். குன்றடி ஓடைக்கரைப் புதர்களில் சில ஜோடிகள் இருந்தன. அங்கே ஆடு மேயாது, விறகு வெட்ட ஆள் வராது, செல்ஃபி எடுக்க யாரும் வரவே முடியாது. வெறும் துப்பாக்கிச் சத்தம் மட்டும்தான். மனிதர்களுக்கு அது எவ்வளவோ தேவலை என்று சின்னான்கள் முடிவு செய்திருக்க வேண்டும்.

சுடுவதில்லை என்று சிவப்புக் கொடியை இறக்கியிருக்கும் நாட்களில் அன்புமொழி உள்ளே போய்ப் பறவைகளை எண்ணி வருவாள். தளப் பொறுப்பாளர் மேஜர் உடையப்பன், பொன்னமராவதிப் பக்கத்துக்காரர், ரொம்ப நல்ல மனிதர். வினையே அதில்தான் வந்தது. ஒரு கூட்டில் குஞ்சு பொரித்திருப்பதாக அவள் சொன்னதும், சொந்த மகள் பாஸான மாதிரி பூரித்துப்போய் மேலிடத்துக்குத் தகவல் சொல்லிவிட்டார். பார்வையிடப் பெரிய அதிகாரி வருவதாக முடிவாயிற்று.

அடுத்த முறை அவள் போனபோது ஓடைக்கரை பளிச்சென்று இருந்தது. சிமெண்ட் பாதை, சுண்ணாம்படித்த கற்கள், அமைதி காக்கச் சொல்லி ஒரு பலகை.

"புதரெல்லாம் எங்க சார்?"

"அதுதானம்மா பறவைய மறைச்சுக்கிட்டு நின்னுச்சு. இப்ப எங்கிட்டு நின்னு பாத்தாலும் தெரியும்ல?"

தெரிவதற்குப் பறவைதான் இல்லை. குஞ்சு என்ன ஆனதோ என்று சுண்ணாம்புக் கற்களுக்கிடையே குனிந்து தேடினாள். திட்டவும் வழியில்லை; அனுமதி அவர் கையில்.

பெரிய அதிகாரி வந்த அன்று, தெருவுக்குத் தெரு திரிகிற ஒரு சாதாரணக் கொண்டைக்குருவி பலகைமேல் வந்து உட்கார்ந்தது. அதிகாரி உருகிப்போய்ப் படமெடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். குருவி பறந்துவிட்டது. அன்புமொழி தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறமும் விடாமல் போய்வந்தாள். ஒரு காலையில், குண்டுகளைத் தாங்கும் மண்மேட்டுக்குப் பின்னால், ஓடையின் மேற்பகுதி முள்ளுக்குள்ளிருந்து அந்தப் பாட்டு கேட்டது. ஒரு ஜோடி, கூடவே பறக்கப் பழகும் ஒரு குஞ்சு. அங்கேயே பாறையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

வாசலில் உடையப்பன் ஆவலாக நின்றிருந்தார். "அங்கிட்டு ஏதும் தட்டுப்பட்டுச்சாம்மா? சொல்லுங்க, அங்கயும் ஒரு பாதை போட்டுருவோம்."

"ஒண்ணுமே இல்லைங்க சார்," என்றாள், கண்ணைக்கூட இமைக்காமல்.

அவர் முகம் வாடிவிட்டது. அந்தப் பக்கம் இனி பயிற்சி ஆரம்பிப்பதாகவும், ஒரு ஈ காக்கையைக்கூட உள்ளே விடப்போவதில்லை என்றும் வருத்தத்தோடு சொன்னார். அன்புமொழி மனதார நன்றி சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.