இன்னுமொரு கரண்டி

1

இந்தக் கதையை நான் எழுதக் காரணம் எங்கள் ஊர்க் குப்பண்ணன். மலையாள எல்லையில் இருக்கும் எங்கள் சித்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் இடத்தில், பின்னால் நாலு பேர் காத்திருக்கும்போது கேட்டார்:

"ஏனுங்க, உங்க தம்பி புள்ள பாக்ஸிங்க உட்டுப்போட்டுதாமா? ஆரோ டின்டுவாமா, அந்தப் புள்ள குத்துன குத்துல தலமுடியே கழண்டு போச்சுன்னு பேசிக்கறாங்க?"

நான் பதில் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் குழாயடியில் நின்று யாரும் பதில் சொன்னதில்லை. ஆனால் நான் எழுத்தாளன். இரண்டு தொகுப்புகள் வந்திருக்கின்றன. (ஒன்றைக் குப்பண்ணனுக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் வீட்டு டிவி ஒரு பக்கம் சாயாமல் அது காத்துவருகிறது.) ஆகவே பதிலை அச்சில் சொல்வதென்று முடிவு செய்தேன்.

செய்தி இவ்வளவுதான். என் தம்பி மாரப்பனின் மகள் செல்வப்பிரியா, ஐம்பத்துநாலு கிலோ பிரிவில் மூன்று முறை மாநிலச் சாம்பியன். இந்த ஆண்டு இறுதிப் போட்டியில், சாந்தன்பாறை ஏலத்தோட்டத்திலிருந்து வந்த டின்டு என்ற பெண்ணிடம் இரண்டாம் சுற்றிலேயே தோற்றாள். கையுறையைக் கழற்றினாள். இனி மாட்டமாட்டேன் என்றாள்.

ஏன்?

எங்கள் குடும்பத்துக்குப் பொருத்தமான ஒரு காரணம் வேண்டும். அதைத் தைத்துக் கொடுப்பதுதானே கதாசிரியன் வேலை.

2

முதல் தொடக்கம்: "வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரிங்கின் மூலையில் அவள் தலை குனிந்து—"

நிறுத்திவிட்டேன். பத்திரிகை ஆசிரியர்களுக்கு மழை பிடிக்கும் என்பதற்காக எங்கள் வீட்டுப் பெண்ணின் தலையைக் குனியவைக்க முடியாது.

இரண்டாவது: "நடுவரின் கண்களில் தீர்ப்பு முன்னமே—"

சதி. குடும்பத்தின் பெரும்பான்மைக் கருத்து இதுதான். மாரப்பன் பால் சொசைட்டியில் தினமும் இதைத்தான் சொல்லிவருகிறான். சிக்கல், வீடியோ. ஊரில் எல்லோர் போனிலும் இருக்கிறது. அதில் நடுவர் செய்த ஒரே காரியம், விழப்போனவளைத் தாங்கிப் பிடித்தது. அவரை வில்லனாக்கினால் குப்பண்ணன் போனை நீட்டிக்கொண்டு வருவார்.

மூன்றாவது: "வலது மணிக்கட்டில் பழைய முறிவு—"

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பார்கள். (எங்கள் பக்கம் நோயை யாரும் நம்புவதில்லை. ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னால்தான் நம்புவார்கள்.)

நான்காவது என் மனைவி மயிலாத்தாள் சொன்னது: "நல்ல இடத்துல சம்பந்தம் கூடி வந்துருச்சுன்னு எழுதுங்க." பக்கத்தில் இருந்த செல்வப்பிரியா, "மாப்பிள்ள எந்த வெயிட்டுங்க பெரீம்மா?" என்று கேட்டாள். அந்தச் சம்பந்தம் அத்தோடு முறிந்தது.

3

சுற்றி வளைத்தது போதும். நடந்ததைச் சொல்லாமல் கதை நகரமாட்டேன் என்கிறது.

போட்டிக்கு முந்தைய நாள் எங்கள் கருப்பராயனுக்குக் கெடா வெட்டு. அவள் ஜெயிக்க வேண்டும் என்றுதான். அவளுடைய பயிற்சியாளர் ஜோமோள் தண்ணீரைக்கூட அளந்து குடிக்கச் சொல்லியிருந்தார். அது அவர்கள் முறை. எங்கள் முறை வேறு. பந்தியில் உட்கார்ந்தவரின் இலை காலியாக இருந்தால், விருந்து வைத்தவன் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. வேண்டாமென்று இலைக்கு மேல் கையை விரித்தால் விரலிடுக்கில் ஊற்றும் குடும்பம் எங்களுடையது. பெருமையாகவே சொல்கிறேன்.

"சாமி கெடா அம்மிணி, வேண்டாங்கப்படாது," என்றாள் மயிலாத்தாள். "இன்னுமொரு கரண்டி."

மறுநாள் காலை எடை பார்த்தபோது ஒன்றேகால் கிலோ கூட இருந்தாள். குறைத்துக்கொண்டு வரச் சிறிது நேரம் கொடுத்தார்கள். வேர்த்து எடை இறங்கட்டுமென்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினாள். ஒரு டம்ளரில் எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தாள். அப்படியும் கொஞ்சம் மிச்சம் நிற்க, யாரிடமோ கத்தரிக்கோல் வாங்கி, இடுப்பு வரை தொங்கிய பின்னலை வெட்டிப் போட்டாள். அதற்குப் பிறகுதான் இயந்திரம் ஐம்பத்துநாலு காட்டியது. (குப்பண்ணன் கவனிக்க: முடி தானாகக் கழலவில்லை.)

மாலையில் அவள் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரிங்கில் ஏறியது கடைசி வரிசையில் இருந்த எனக்கே தெரிந்தது.

[டின்டு நன்றாகவே குத்தினாள். இதை எழுத எனக்கு இஷ்டமில்லை. பிறகு அடித்துவிடலாம்.]

4

இங்கேதான் எனக்கு ஒரு பெரிய கதை கிடைத்தது. ஐந்தாவது தொடக்கம்: "அவளை வீழ்த்தியது எதிராளியல்ல, அன்பு. இலையில் விழுந்த ஒவ்வொரு கரண்டியும் ஒரு குத்து."

வாசித்துப் பார்த்தேன், எனக்கே கண் கலங்கியது. குற்றவாளியாக இருப்பதிலும் ஒரு கம்பீரம் உண்டு. ஒரு சாம்பியனையே விருந்தால் வீழ்த்துவதென்றால், அது ஏப்பை சாப்பைக் குடும்பத்தால் ஆகிற காரியமா?

ஜோமோளின் போனும் அன்றுதான் வந்தது, பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக.

"சாரே, அவ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா. வீட்டுக்காரங்க நிர்பந்திச்சுத் தின்ன வச்சதுதான்னு எனக்கறியும். நீங்க அத உங்க வாயால சொன்னா மதி, அது போதும். அவ மேல தப்பில்லன்னு ஞான் ட்ரெயினிங் கேம்புல பேசி அவளத் திரும்ப எடுக்கறேன். அத்தன நல்ல கையாக்கும் சாரே, வெறுதே களஞ்சு வீணாக்காதீங்க."

யோசித்துப் பாருங்கள். பழி ஒரு வாரம் இருக்கும். சாம்பியன் பட்டம் திரும்பி வந்தால், பஸ் ஸ்டாப்பில் நாங்கள் வைத்திருந்த அவளுடைய பிளெக்ஸும் திரும்பி வரும். அதற்கடியில்தான் குப்பண்ணன் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கெடா விருந்துக்கு வாருங்கள், நேரில் சொல்கிறேன் என்றேன். (மறுபடியும் கெடாவா என்று கேட்காதீர்கள். ஜெயித்தால் இன்னொன்று வெட்டுகிறோம் என்று வேண்டியிருந்தோம். தோற்றாலும் கருப்பராயனுக்குப் பாக்கி வைப்பது எங்கள் வழக்கமில்லை.)

5

ஐந்தாவது தொடக்கத்தைச் செல்வப்பிரியாவிடம் கொடுத்தேன். நேந்திரங்காய் வறுவலைக் கொறித்துக்கொண்டே வாசித்தாள். என் காகிதத்தில் எண்ணெய்க் கறை.

"இதென்னுங்க பெரீப்பா, ஆரோ என்னையக் கட்டிவச்சு ஊட்டுனாட்ட எழுதியிருக்கறீங்க?"

"ஊட்டலியா?"

"பெரீம்மா ரெண்டு கரண்டி ஊத்துனாங்க, அக்கட்டப் போயிட்டாங்க. எல்லாரும் எந்திரிச்சதுக்கப்பறம் நானேதான் சமையக்காரங்ககிட்டப் போயி கேட்டு வாங்குனேன். குடல் கொழம்பு. அண்டா பக்கத்துலயே நின்னுட்டுத் தின்னேன்."

"எதுக்கு?"

"பசிச்சுதுங்க."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "பசியா? நம்ம ஊட்டுலயா?"

"பள்ளிக்கூடத்துல கையுறை மாட்டுனதுலருந்தே பசிதானுங்க. நீங்க வச்ச பிளெக்ஸுல சிரிச்சுட்டு நிக்கறனே, அப்பவும் பசிதான். அன்னிக்கு ஒரு வாய் வச்சதுமே தெரிஞ்சுபோச்சு, இனி இது நமக்கு வேண்டாம்னு. தோத்ததுதானுங்க அடுத்த நாளு. விட்டது மொத நாளே."

"அப்பறம் எதுக்கு முடிய வெட்டிப்போட்டு மேல ஏறுனே?"

"நீங்கெல்லாம் வேன் புடிச்சு வந்திருந்தீங்களே."

எழுத்தாளன் என்ற முறையில் இது நல்ல வசனம் என்று எனக்குத் தெரியும். பெரியப்பன் என்ற முறையில் இதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. குடும்பத்தின் அன்பால் வீழ்ந்தாள் என்றால் காவியம். குடல் குழம்புக்காக விட்டாள் என்றால்... இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன்.

"ஜோமோள்கிட்ட நீயே சொல்லீரு," என்றேன்.

"நாஞ் சொன்னா ஊட்டுக்குப் பயந்துட்டுச் சொல்றேன்னுதான் நெனைப்பாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. உள்ளதச் சொல்லுங்க பெரீப்பா. அந்தக் கேம்புக்கு மறுக்கா என்னால போக முடியாதுங்க." வறுவல் தட்டைத் துடைத்துவிட்டு எழுந்தாள். "அந்த ஒவ்வொரு கரண்டியும் ஒரு குத்துங்கறத எடுத்துருங்க. குத்து வாங்குனவ நானு. கரண்டி அப்புடி இருக்காது."

6

ஞாயிற்றுக்கிழமை. பந்தி. என் வலப்பக்கம் ஜோமோள், இடப்பக்கம் செல்வப்பிரியா. கழுத்தோடு நிற்கும் முடி அவளுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. எதிர்வரிசையில் குப்பண்ணன், எங்கள் விருந்துக்கு அவரை அழைக்காமல் விட்டால் அதற்கும் பேசுவார்.

ஜோமோள் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்: "பறயுங்க சாரே. நீங்கதானே தின்ன வச்சது?"

என்னிடம் இருக்கும் முடிவுகள்:

அ. "ஆமாங்க, நாங்கதான்." பழி எங்களுக்கு. செல்வப்பிரியா திங்கட்கிழமை கேம்புக்குப் போவாள், வெள்ளரிக்காய்க்கும் எடை இயந்திரத்துக்கும். ஆண்டுக் கடைசியில் பிளெக்ஸ்.

ஆ. "இல்லீங்க, அவளாத்தான் கேட்டுத் தின்னா. அவளுக்குப் பசி." கேம்பு இல்லை, பட்டம் இல்லை. சித்தூரிலிருந்து ஆனைகட்டி வரை ஒரு கை கழுவும் இடம் விடாமல் குப்பண்ணன் இதைக் கொண்டுபோவார்.

இ. அந்த நேரம் பார்த்து மழை கொட்ட, எல்லோரும் இலையை விட்டு எழுந்து— இல்லை. மழையை முதலிலேயே வேண்டாமென்று விட்டேன். இப்போது கூப்பிட்டால் மரியாதை இல்லை.

மயிலாத்தாள் குழம்பு வாளியோடு வந்து செல்வப்பிரியாவின் இலை முன் நின்றாள். கேட்காமல் ஊற்றும் குடும்பம் என்று மேலே பெருமையாக எழுதியிருக்கிறேன். அவள் ஊற்றவில்லை. கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். ஜோமோள் கரண்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். குப்பண்ணன் மெல்லுவதை நிறுத்தினார். செல்வப்பிரியா இலைக்கு மேல் கையை விரிக்கவில்லை. கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஜோமோள் டீச்சருங்க," என்றேன். "இந்தப் புள்ள அன்னிக்கு—"

வாசகரே, மீதியை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். ஆறின குழம்பை யார் இலையிலும் ஊற்றிய குடும்பமில்லை எங்களுடையது.