மேடைக்கு முதுகு காட்டிய இருக்கை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் மூளையில் உதித்ததில்லை. கலீமுல்லா சொன்னது. 1969-இல் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நாடகக் கம்பெனி கீற்றுக் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தது. சனங்களைத் தரை, பெஞ்சு, நாற்காலி என்று இடம் பார்த்து உட்கார வைப்பது அவர் வேலை. வாலாஜாபாத் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பாதிக் கதையைச் சொன்னார், அதற்குள் பஸ் வந்துவிட்டது. மீதியைக் கேட்க வீடு தேடிப் போனேன்.

"மீதியா? அத்தோட முடிஞ்சிது சார்" என்றார்.

முடியவில்லை என்பது அவருக்கும் தெரியும். தன் தலைவலியை என் தலையில் கட்டிவிட்டு அவர் நிம்மதியாகத் தூங்குகிறார். நான்தான் முழித்துக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் முயற்சி: "தில்லையம்மாளுக்குக் கால்கள் இல்லை. அவள்–"

பொய். கால்கள் உண்டு, பாதி மடங்கியபடியே நின்றுவிட்டன, அவ்வளவுதான். சின்ன வயதில் வந்த காய்ச்சல் முழங்கால்களை இறுக்கிவிட்டுப் போனது. சம்மணம் போட முடியாது, நீட்டவும் முடியாது. தொங்கப்போட்டால்தான் உட்கார முடியும்.

இரண்டாம் முயற்சி: "விதி அவளை–"

விதியை விடுங்கள். அவள் வேலை பார்த்தவள். தறியில் பழைய பாவு (நீளவாட்டு நூல்) தீரும்போது புதுப் பாவின் இழைகளை அதனோடு ஒவ்வொன்றாகத் திரித்து ஒட்ட வேண்டும், அதுதான் அவள் வேலை. வீடு வீடாக அவளைத் தூக்கிப் போய்த் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்காரவைப்பார்கள். ஊரில் அவளுக்கென்றே செய்தது போல இருந்த இருக்கை தறிக்குழி ஒன்றுதான். பட்டிழையையே பார்த்துப் பார்த்துக் கண்ணும் கிட்டப்பார்வை ஆகிவிட்டது. நாலு முழத்துக்கு அப்பால் எல்லா முகமும் அவளுக்கு ஒன்றுதான்.

(இப்படி எழுதினால் வாசகர் இரக்கப்படுவார். இரக்கப்பட வேண்டாம். அவள் வாய் உங்களுக்குத் தெரியாது.)

3

அவளுக்கு ஒரு தங்கை, பூவம்மாள். பதினெட்டு வயதில் ஒரு நாடகக் கம்பெனியோடு போய்விட்டாள். அப்புறம் வருஷக்கணக்காகக் கடிதமும் இல்லை, செய்தியும் இல்லை. செத்துவிட்டாள் என்று உறவுக்காரர்கள் ஒரு நாள் தலைமுழுகிவிட்டார்கள். தில்லையம்மாள் மட்டும் முழுகவில்லை.

பிள்ளையார்பாளையத்துக் கொட்டகையில் ராணி வேஷம் கட்டுகிறவள் பூவம்மாள் மாதிரி இருக்கிறாள் என்று யாரோ சொல்லப்போக, இவள் கலீமுல்லாவைக் கூப்பிட்டனுப்பினாள்.

"பாய், எனக்கு மொத வரிசையில எடம் வேணும்."

"மொத வரிசை தரைதான்க்கா. உன்னால தரையில குந்த முடியாதே. நாற்காலி பின்னாடி இருக்குது."

"பின்னாடி குந்திக்கினு நான் இன்னாத்தப் பாக்கறது?"

முன்னால் ஒரு நாற்காலி போட்டுப் பார்த்தார். தரை டிக்கெட்காரர்கள் மறைக்கிறது என்று மண்ணை வாரி எறிந்தார்கள். நாற்காலியும் ஆகாது, தரையும் ஆகாது. அப்போதுதான் நெசவாளி அர்ஜுனன் சொன்னான்: "தரையில குழி வெட்டிடலாம்பா. காலைத் தொங்கவுட்டா தலை எல்லாரோடவும் சமமா நிக்கும்."

இதைக் கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம்.

4

முடியவில்லை, காரணம் அமாவாசை. அன்றைக்குத் தறிக்கு லீவு. நெசவாளிகளுக்காகக் கம்பெனி பகல் ஆட்டம் போட்டது. அதுதான் கடைசி ஆட்டமும், மறுநாள் கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள். அமாவாசையில் தறிக்குழியில் யாரும் கால் வைப்பதில்லை என்று அந்தத் தெருவில் ஒரு வழக்கம். செத்துப்போனவர்கள் வந்து அதில் உட்கார்ந்து பார்க்கிற நாளாம்.

"இது தறிக்குழி இல்லியே, நாடகக் குழிதானே" என்று அர்ஜுனன் காலையிலேயே வெட்டினான். முதுகுக்கு மண்ணால் சாய்மானம், பாதம் பதிய எதிர்ப்பக்கம் சரிவு, பிடித்துக்கொள்ள ஒரு மூங்கில். அழகாக வெட்டினான். தில்லையம்மாளைத் தூக்கிவந்து இறக்கினார்கள். இறக்கிய பிறகுதான் கலீமுல்லா தலையில் அடித்துக்கொண்டார்.

தறிக்குழியை அவர்கள் கிழக்கு பார்த்தே வெட்டுவார்கள். கை அந்தப் பழக்கத்திலேயே வெட்டிவிட்டது. மேடை மேற்கே இருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. முதல் வரிசையில் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சனங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள் தில்லையம்மாள்.

(இங்கே "அவள் பொறுமையாகச் சிரித்தாள்" என்று எழுதி அடித்தேன். கலீமுல்லாவிடம் கேட்டபோது, "பொறுமையா? அர்ஜுனனை நாறடிச்சுட்டுது சார்" என்றார்.)

மாற்றி வெட்ட நேரமில்லை, மணி அடித்துவிட்டார்கள். திட்டி முடித்தபின் அவளே சொன்னாள்: "வுடுபா. மூஞ்சிக்கு அரிதாரம் பூசியிருப்பாங்க. கொரலுக்குப் பூச முடியுமா? காதுல கேட்டுட்டுத் திரும்பிப் பாத்துக்கறேன்."

5

ராணி பாடத் தொடங்கினாள். சொல்லின் நடுவில் சின்னதாக ஒரு மூச்சு எடுக்கிற குரல். அது பூவம்மாளின் மூச்சு. சந்தேகமே இல்லை. தில்லையம்மாள் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு திரும்பப் போனாள்.

அப்போது எதிரே, பெண்கள் பக்கம் கொட்டகைக் கம்பத்தின் அருகில், பூவம்மாள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

அவ்வளவு தூரத்தில் அவள் கண்ணுக்கு எந்த முகமும் தெரியாது. இந்த ஒரு முகம் மட்டும் தெரிந்தது. வீட்டைவிட்டுப் போன அன்றைக்கு இருந்த அதே பதினெட்டு வயது, அதே ஒற்றை மூக்குத்தி. வாய் மூடியிருந்தது. குரல் மட்டும் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது.

அவள் பக்கத்தில் நின்ற கலீமுல்லாவின் கையைப் பிடித்தாள். கண்ணை எடுக்கவில்லை.

"பாய், கம்பத்தாண்ட குந்திக்கினு இருக்கிறது யாரு? பூவம்மா போன அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்குதே."

அவர் பார்த்தார். என்னிடம் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எள்ளு போட்டா எள்ளு வுழாது சார், அப்டி கூட்டம். ஆனா கம்பத்தாண்ட ஒரு ஆள் குந்தற அளவுக்கு எடம் வுட்டிருந்தாங்க. யாரும் குந்தல. ஏன் வுட்டாங்கன்னு அவங்களுக்கே தெரியாது."

அவளிடம் அதைச் சொல்வதற்குள் வாசலில் ஏதோ தகராறு, கூப்பிட்டார்கள், போய்விட்டார். திரும்பி வந்தபோது திரை விழுந்திருந்தது. வீட்டுக்குத் தூக்கிப் போகும்போது, "திரும்பிப் பாத்தியாக்கா?" என்று கேட்டார். "மெதுவா தூக்கு பாய், காலு இடிக்குது" என்று மட்டும் சொன்னாள். போன வருஷம் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

6

ஆக, முடிவு என் பொறுப்பு. எழுதிப் பார்த்தவை:

"அவள் திரும்பினாள். மேடையில் பூவம்மாள், கொஞ்சம் பருத்து, நரை தட்டி, உயிரோடு–" எனக்கு மிகவும் பிடித்த முடிவு. எழுதும்போது அழுதுகூட விட்டேன். ஆனால் அப்படியானால் கம்பத்தருகே இருந்தது யார்?

"அவள் திரும்பினாள். மேடையில் யாரோ ஒருத்தி. பதறிப்போய் மறுபடி கம்பத்தைப் பார்த்தாள், அங்கே–" வேண்டாம். இரண்டு பக்கமும் இழக்கவைக்க எனக்கு மனசு வரவில்லை.

"அவள் திரும்பவே இல்லை." மேடையில் இருப்பது நிஜத் தங்கை என்றால்? நாளைக்குக் கம்பெனி எந்த ஊருக்கோ போய்விடும். முதுகுக்குப் பின்னால் வந்து நின்ற தங்கையைப் பார்க்காமலே அனுப்பிவைத்தவள் ஆவாள்.

திரும்பினால் எதிரே இருப்பவள் போய்விடுவாள் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றுகிறது. சொன்னால் சிரிப்பீர்கள், "அவள் திரும்பி" என்று எழுதும்போதெல்லாம் எனக்கு முதுகு சில்லிடுகிறது. பின்னால் சுவர்தான் இருக்கிறது, தெரியும். ஆனாலும் இதை எழுதும் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டுவிட்டேன்.

7

பாட்டு இன்னும் முடியவில்லை. மன்னிக்க வேண்டும் வாசகரே, இவ்வளவு நேரம் உங்களை நிற்கவைத்துவிட்டேன். கொட்டகையில் வேறெங்கும் இடமில்லை, ஆண் பெண் பார்க்க நேரமுமில்லை. கம்பத்தின் அருகே அந்தக் காலி இடத்தை ஒட்டி, உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்காருங்கள். பக்கத்தில் இடிக்காமல்.

எதிரே குழியிலிருந்து ஒரு முகம் உங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் வந்து உட்கார்ந்ததை அவள் கவனித்துவிட்டாள். இனிமேல் அவள் கலீமுல்லாவிடமோ என்னிடமோ கேட்கமாட்டாள். மூங்கிலை இறுகப் பிடித்தபடி, பாட்டுக்கு இடையே மெதுவாக உங்களிடம்தான் பேசுகிறாள்.

"யாருப்பா நீ? யாராயிருந்தாலும் செரி. நான் திரும்பறதா வாணாமான்னு நீயே சொல்லிடு. உன் பக்கத்துல குந்திக்கினு இருக்குதே, அது கையக் கொஞ்சம் தொட்டுப் பாரு. சூடா இருக்குதா?"