உறைக்காத குண்டு

ஞாயிறு காலை கிளம்புமுன் சாமான்களைத் தரையில் பரப்பினேன். பைகள் வைத்த வெஸ்ட் என்னும் மேலங்கி, குண்டு நிரப்பிய மூன்று மேகசின், முகமூடி, கையுறை, இடுப்புப் பட்டை. கை போகும் வரிசையில் அடுக்குவது என் வழக்கம். இந்த முறை எதை எடுப்பது என்பதைவிட எதை விடுவது என்பதே கேள்வியாக இருந்தது.

போன மாதம் எதிரணிக்காரர் ஒருவர் என்மேல் புகார் சொல்லிவிட்டார். பொம்மைத் துப்பாக்கிப் போர் விளையாட்டான ஏர்சாஃப்டில் யார் மேல் குண்டு பட்டது என்று நடுவர் பார்ப்பதில்லை. பிளாஸ்டிக் குண்டு பட்டவனே "ஹிட்" என்று கத்தி, கையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். பட்டும் நிற்பவனை ஜோம்பி என்பார்கள். டோக்கியோவை அடுத்த சிபா பக்கத்து மைதானங்களில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் எந்த அணியும் சேர்க்காது. எனக்கோ பட்டதே தெரியவில்லை. வெஸ்ட் தொய்யாமல் இருக்க முன்னும் பின்னும் தடித்த ஃபோம் செருகியிருந்தேன். அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு புகார் வந்தால் நீ அணியில் இல்லை என்று தோரிகோயே அண்ணன் அன்று காரில் திரும்பும் வழியில் சொன்னார். அவர்தான் அணித்தலைவர், லாரி ஓட்டுகிறவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கிடங்கு வேலைக்கும் மாலை வகுப்புக்கும் வெளியே, எனக்காக யாராவது காத்திருப்பது அவருடைய காரில் மட்டும்தான்.

ஃபோமை உருவினேன். பிறகு வெஸ்டையே விட்டுவிட்டு, மேகசின்களை இடுப்புப் பட்டையில் மாட்டினேன். மெல்லிய சட்டை. நெஞ்சில் விரலால் சுண்டிப் பார்த்தேன். தெரிந்தது. தெரிந்ததா என்று மறுபடி சுண்டினேன். அப்பா இறந்த பிறகு எதுவும் எனக்குத் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது. சிலது வருவதே இல்லை.

"போருக்கு வந்தியா, பால் பாக்கெட் வாங்க வந்தியா?" என்றான் அன்சாய், மைதானத்தில் என் கோலத்தைப் பார்த்து. எங்கள் அணியில் என் வயதுக்காரன்.

மைதானத்து ஆள் விதிகளைச் சொன்னார். சந்தேகமாக இருந்தால் பட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்பது அதில் எப்போதும் வருவது. அன்றுதான் அதைக் கவனித்துக் கேட்டேன்.

முதல் ஆட்டத்தில் தோளில் ஏதோ உரசியது. இலையாகவும் இருக்கலாம். வெளியேறினேன். இரண்டாவதும் அப்படியே. கடைசி ஆட்டத்தில் அண்ணன் என்னைக் கொடிக்குக் காவல் வைத்துவிட்டு மற்றவர்களோடு முன்னேறினார். மூங்கில்களுக்குப் பின்னாலிருந்து டக் என்று ஒரு சத்தம். உடம்பு ஏதாவது சொல்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. "ஹிட்" என்று கத்திவிட்டு நடந்தேன். கொடி போனது. ஆட்டமும் போனது.

ஓய்வுக் கொட்டகையில் எதிரணிக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். இன்னொரு புகார் என்றே நினைத்தேன். அவர் குனிந்து வணங்கினார்.

"மன்னிச்சுக்கங்க. நான் சுட்டது உங்க பக்கத்துல இருந்த டிரம்லதான் பட்டுச்சு. நீங்க போறப்பவே சொல்லியிருக்கணும். கொடி ஆசையில எடுத்துட்டேன்."

அவர் போனதும் அண்ணன் கறிச்சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"போன மாசம் பட்டும் போகல. இந்த மாசம் படாமலே போறே."

அன்சாய் சிரித்தான். அடுத்த மாதம் வரலாமா என்று கேட்டேன்.

"புகார் ஒண்ணும் இல்லையே, வா. ஆனா கொடிப் பக்கம் வராதே. முன்னாடி ஓடு. எங்கேருந்து சுடறாங்கன்னு தெரிய ஒருத்தன் சாகணும்ல."

சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. சரி அண்ணே என்றேன். முன்னால் ஓடுகிறவனுக்கு மூன்று மேகசின் எதற்கு? இரண்டைக் கழற்றி அன்சாய் பக்கம் நகர்த்தினேன். எதற்கு என்று கேட்காமலே தன் பட்டையில் மாட்டிக்கொண்டான்.